முதல் தலைவருக்கு அடுத்தவர்

சேஷகிரி மூன்று ஓட்டில் தோற்றார். முப்பது ஓட்டில் தோற்றிருந்தால் வீட்டுக்குப் போய் மோர்சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பார். மூன்று என்பதால், அந்த மூன்று பேர் யார் யார் என்று யோசிக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு மாடிப்படியில் எதிரே வருகிற ஒவ்வொருவரையும் அவர் அந்தச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

ஹெப்பகோடியில் மெயின் ரோட்டை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால் சம்பிகே சிகரா அபார்ட்மென்ட். மூன்று பிளாக், தொண்ணூற்றாறு வீடு. கட்டியவர் ஆறு வருடம் தாமே நிர்வாகத்தைப் பார்த்துவிட்டு, ஒருநாள் சாவிக்கொத்துகளை ஒரு பையில் போட்டுக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதுவரை தண்ணீர் வராவிட்டாலும் விளக்கு எரியாவிட்டாலும் அவரைத் திட்டினால் போதுமாக இருந்தது. இனி திட்டுவதற்கும் ஒருவரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அப்படித்தான் சங்கம் பிறந்தது.

சங்கத்துக்கான சட்டதிட்டத்தை ஏ பிளாக் ஷ்ரேயாஸ் ஒரே சாயங்காலத்தில் தயாரித்துவிட்டான். எலக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். எங்கிருந்து எடுத்தாய் என்று யாரும் கேட்கவில்லை. தலைவர் பதவிக்காலம் ஆறு மாதம். அதிக ஓட்டு வாங்கியவர் தலைவர். அதற்கடுத்து வாங்கியவர் துணைத் தலைவர் என்று அதில் இருந்தது. ஆக, தன்னைத் தோற்கடித்த மனிதருக்கே துணையாக இருக்கும் பொறுப்பு சேஷகிரிக்கு வந்து சேர்ந்தது.

அது சாதாரணத் தோல்வியும் அல்ல. சேஷகிரி மாநில அரசில் புரோட்டகால் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவர். எந்த மந்திரி எந்த நாற்காலி, எந்தத் தூதருக்கு எந்தப் பக்கம் மாலை, யார் பெயருக்கு முன்னால் மாண்புமிகு, யாருக்கு மேதகு, எல்லாம் அவருக்கு அத்துப்படி. நாற்காலிகளில் பெயர்ச்சீட்டு ஒட்டி ஒட்டியே ஓய்வு பெற்றவர். ஒரு மேடையிலும் அவர் பெயருக்குச் சீட்டு இருந்ததில்லை. ஒரு அரசாங்கம் புதிதாகப் பிறக்கிறது, அதற்குத் தலைமை தாங்கத் தகுதியான ஒரே ஆள் பி பிளாக் நான்காவது மாடியில் இருக்கிறார் என்று அவர் நினைத்ததில் தப்பில்லை. தன் அனுபவத்தை இரண்டு பக்கத்தில் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தார்.

ஜெயித்த நாராயணசாமி எதையும் அச்சடிக்கவில்லை. பொம்மசந்திராவில் நட்டு போல்ட் செய்யும் பட்டறை வைத்திருப்பவர். ஆறடி உயரம், நரைத்த முறுக்கு மீசை, வெள்ளைச் சட்டை. சும்மா நின்றாலே எதையோ தியாகம் செய்துவிட்டு வந்து நிற்கிறவர் போலத் தெரிவார். தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு பி பிளாக் லிப்ட் நின்றுபோனது. அன்று அவர் ஒரு வீட்டு கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்து மூன்று மாடி சுமந்தார். ஊரே பார்த்தது. அவர் சுமந்தது மேலிருந்து கீழே என்பதையும், ஆகவே அது காலி சிலிண்டர் என்பதையும் சேஷகிரி பலரிடம் எடுத்துச் சொன்னார். கேட்டவர்கள் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

முதல் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை, கார் நிறுத்தும் கீழ்த்தளத்தில் நடந்தது. நாராயணசாமி மைக்கை வாங்கிக் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினார்.

"நான் பெரிசா படிச்சவன் இல்லைங்க," என்று ஆரம்பித்தார். "ஓசூர் ரோட்டு டிராபிக்ல தினம் ரெண்டு மணி நேரம் வண்டிக்குள்ளயே உக்காந்திருக்கேன். ஒரு நாடு சுதந்திரம் வாங்கினதும் அதோட முதல் தலைவர் கவர்மென்ட்டை எப்படிக் கட்டினார்னு ஒரு பேச்சு, அதைப் போட்டுக் கேட்டுனு வருவேன். முதல் ஆளு எது செஞ்சாலும் பின்னாடி வர்றவங்களுக்கு அதுதான் வழக்கமாம். நான் இப்ப மைக்கை எந்தக் கையில பிடிக்கிறேனோ, நூறு வருஷம் கழிச்சு வர்ற தலைவரும் அந்தக் கையிலதான் பிடிப்பாரு. அதனாலதான் மாத்திப் பிடிச்சேன். இந்தப் பதவி எனக்கு வேணாம்னுதான் இருந்தேன். நீங்க விடல."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. யார் விடவில்லை என்று சேஷகிரி யோசித்துப் பார்த்தார். நாராயணசாமி வேட்புமனு கொடுக்க முதல் ஆளாக வந்து நின்றதை அவர் கண்ணால் பார்த்திருந்தார்.

துணைத் தலைவரின் கடமை ஒன்றே ஒன்று: தலைவர் வராத கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது. நாராயணசாமி காலத்தில் நாற்பத்தொரு கூட்டம் நடந்தது. ஒன்றுக்கும் அவர் வராமல் இல்லை. ஒருமுறை அவருக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, சேஷகிரி சட்டைக்கு இஸ்திரி போட்டுத் தயாராக இருந்தார். நாராயணசாமி கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சேஷகிரிக்கும் கண் கலங்கியது, வேறு காரணத்தால்.

இரண்டாவது கூட்டத்தில் சேஷகிரி ஒரு முயற்சி செய்தார். தலைவரை எப்படி அழைப்பது என்பது பற்றி நான்கு பக்கக் குறிப்பு எழுதிக்கொண்டு போனார். வெறும் தலைவர் என்றால் கிரிக்கெட் அணிக்கும் தலைவர் உண்டு, லாரி ஓட்டுநர் சங்கத்துக்கும் தலைவர் உண்டு; ஆகவே, 'மேதகு சம்பிகே சிகரா முதல் தலைவர் அவர்கள்' என்று அழைப்பதே முறை என்று வாசித்தார். அவர் மனதில் இருந்த கணக்கு வேறு. தலைவருக்கு மேதகு என்றால் துணைத் தலைவருக்கு மாண்புமிகு தானாகவே வந்துவிடும்.

நாராயணசாமி எழுந்து கைகூப்பினார். தனக்கு அப்படியெல்லாம் எதுவும் வேண்டாம், தலைவர் என்றே கூப்பிடுங்கள் போதும் என்றார். அன்று சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய எளிமையைப் பாராட்டி நூற்றுப் பன்னிரண்டு செய்திகள் வந்தன. சேஷகிரி ஒவ்வொன்றாகப் படித்தார். நூற்றுப் பதின்மூன்றாவதாக வந்தது, 'மேதகு சாருக்கு குட்நைட்' என்ற செய்தி. அது தன்னைத்தான் குறிக்கிறது என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அன்றுமுதல் சின்னக் குழந்தைகள்கூட முதுகுக்குப் பின்னால் அவரை மேதகு என்றே சொன்னார்கள். தலைவருக்காகச் செய்த பட்டம் துணைத் தலைவருக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

பிறகு மந்திரிசபை அமைந்தது. தண்ணீருக்கு ஒருவர், மின்சாரத்துக்கு ஒருவர், போக்குவரத்துக்கு ஒருவர், பக்கத்து அபார்ட்மென்ட்காரர்களோடு பேச வெளியுறவுக்கு ஒருவர். அதன் முதல் கூட்டத்தில் பி பிளாக் லிப்ட் விஷயம் வந்தது. அது கரண்டில் ஓடுவதால் மின்சாரத் துறை என்றார் போக்குவரத்து மந்திரி. அது ஆட்களை ஏற்றிச் செல்வதால் போக்குவரத்து என்றார் மின்சார மந்திரி. போக்குவரத்து என்றால் கிடைமட்டமாகப் போவது மட்டுமே என்று போக்குவரத்து மந்திரி மடக்கினார். இருவரும் ஐந்து வாரம் பேசிக்கொள்ளவில்லை. நாராயணசாமி இருவரையும் தனித்தனியே கூப்பிட்டு, இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்றார். எவ்வளவு நடுநிலையான மனிதர் என்று எல்லாரும் வியந்தார்கள். லிப்ட் மட்டும் அங்கேயே நின்றது.

லிப்ட் மெக்கானிக் மஞ்சுநாத் இரண்டு முறை வந்து பார்த்தான். உள்ளே போர்டு போய்விட்டது, வேறு போர்டு மாட்டினால் ஓடும், ஒரே ஒரு தாளில் தலைவர் கையெழுத்து வேண்டும் என்றான். தாள் தலைவர் மேசைக்குப் போயிற்று. சங்கத்தின் சார்பாகத் தான் போடப்போகும் முதல் கையெழுத்து அது என்பதால், லிப்ட் போர்டு மாதிரியான ஒரு விஷயத்தில் அதைத் தொடங்குவது வருங்காலத்துக்கு நல்ல வழக்கமாகாது என்று நாராயணசாமி கருதினார். ஏதாவது பெரிய விஷயம் வரட்டும் என்று காத்திருந்தார். பெரிய விஷயம் வரவில்லை.

இதில் அடிபட்டவள் சேஷகிரியின் மனைவி கோமளம். அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். வெள்ளிக்கிழமைதோறும் பஸ்ஸும் மெட்ரோவும் பிடித்து அல்சூர் கோயிலுக்குப் போய், அங்கேயே பக்கத்தில் இருக்கும் தங்கையையும் பார்த்துவிட்டு வருவது அவளுடைய வாரத்தின் ஒரே சந்தோஷம். லிப்ட் நின்ற நாளிலிருந்து அவள் நான்காவது மாடியை விட்டு இறங்கவில்லை. பால்கனியில் நின்று கீழே போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஏன்னா, துணைத் தலைவரா இருந்து என்ன பிரயோஜனம்? ஒரு லிப்டை ஓட வைக்க முடியலே," என்றாள் ஒருநாள். தனக்கு மந்திரிசபைக் கூட்டத்துக்கே அழைப்பு கிடையாது என்பதை சேஷகிரி அவளிடம் சொல்லவில்லை. வாக்கிங் போகிறேன் என்று கிளம்பிப்போய், மீட்டிங் நடக்கும் கிளப் அறைக்கு வெளியே செடிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவர் வழக்கமாக இருந்தது.

மூன்றாம் மாதம் நாராயணசாமி மக்களை நேரில் சந்திக்கச் சுற்றுப்பயணம் புறப்பட்டார். பி பிளாக்கில் லிப்ட் இல்லாததால் படியேறினார். ஒவ்வொரு மாடியிலும் ஆரத்தி. பெருக்கித் துடைக்கும் எல்லம்மா அவருக்கு முன்னால் ஒருமுறை, அவருக்குப் பின்னால் ஒருமுறை என்று படிகளைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நான்காவது மாடியில் கோமளம் கதவைத் திறந்தாள். லிப்ட் எப்போது வரும் என்று நேராகவே கேட்டுவிட்டாள். சேஷகிரி அவள் பின்னால் நின்றுகொண்டு, இதற்கு இந்த ஆள் என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று காத்திருந்தார்.

நாராயணசாமி நெற்றி வியர்வையைத் துடைத்தார். "அம்மா, லிப்ட் ஓடியிருந்தா நான் பட்டனை அமுக்கி மேல வந்துட்டு, பட்டனை அமுக்கிக் கீழ போயிருப்பேன். நின்னதாலதான் ஒவ்வொரு படியா ஏறி ஒவ்வொரு மொகமா பாக்க முடிஞ்சுது. என்னை உங்ககிட்ட கூட்டினு வந்ததே அந்த லிப்ட்தாம்மா."

பக்கத்து வீட்டுக்காரர் விம்மினார். கோமளம் உள்ளே போய்க் காப்பி கலந்து வந்தாள். வெள்ளி டம்ளரில் கொண்டுவந்தாள். அந்த டம்ளர் சேஷகிரி கைக்குத் தீபாவளி அன்று மட்டும்தான் வரும். நாராயணசாமி போன பிறகு, மனுஷன் நன்னாத்தான் பேசறார் என்றாள். சேஷகிரி அன்று இரண்டு வேளை காப்பி குடிக்கவில்லை. கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார்.

அவருக்குச் சந்தர்ப்பம் என்று ஒன்று வந்தது நான்காம் மாதத்தில். வராந்தாவில் யாரும் செருப்பு அலமாரி வைக்கக் கூடாது என்று மந்திரிசபை உத்தரவு போட்டது. எல்லாரும் எடுத்தார்கள். சி பிளாக் தரைத்தளத்தில் இருந்த ஜூடித் மட்டும் எடுக்கவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மழையில் நனைந்த செருப்பை அடுப்படியிலா வைப்பது என்று கேட்டு எழுதியிருந்தாள். நாராயணசாமி இதை ஒரு கலகம் என்று அறிவித்தார். புதிய அரசாங்கத்தின் முதல் கலகத்தை எப்படி அடக்குகிறோம் என்பதில்தான் அரசாங்கம் நிற்பதும் விழுவதும் இருக்கிறது என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் சேஷகிரி தனியாகவே ஜூடித் வீட்டுக்குப் போனார். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். அவர் அரசாங்கத்தைப் பற்றிப் பேசவில்லை. பின்பக்கம் துணி உலர்த்துகிற இடத்தில் தகரக் கூரை இருக்கிறதே, அங்கே வைத்தால் நனையாதே என்றார். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, அட, இது தோணலையே சார் என்றாள். அலமாரி கனம். காலையில் தம்பி லாயிட் வருவான், அவனோடு சேர்ந்து தூக்கி வைத்துவிடுகிறேன் என்று சொன்னாள். விஷயம் முடிந்தது. சேஷகிரி வெகுநாள் கழித்து அன்று நன்றாகச் சாப்பிட்டார்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நாராயணசாமி ஒன்பது காவலாளிகளை வரிசையாக நிறுத்தி, தாமே முன்னால் நடந்து சி பிளாக்குக்குப் படையெடுத்தார். மூன்று வாசலிலும் காவல் இல்லை. ஊர் நாய்கள் உள்ளே வந்து பின்னாலேயே நடந்தன. படை வந்து சேர்ந்த நேரமும், லாயிட்டும் ஜூடித்தும் அலமாரியின் இரண்டு முனையைப் பிடித்துத் தூக்கிய நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டது. பால்கனிகளிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தலைவர் வந்தார், கலகம் பணிந்தது. நாராயணசாமி கையை உயர்த்தி, அந்த அம்மாவை மன்னித்துவிட்டேன் என்று அறிவித்தார். ஜூடித்துக்குக் கையில் கனம் இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை.

அடுத்த கூட்டத்தில் சேஷகிரி எழுந்து, முதல்நாள் சாயங்காலமே விஷயம் முடிந்துவிட்டது என்று விளக்கப் பார்த்தார். ஷ்ரேயாஸ் குறுக்கிட்டான். "சார், ஒரு ஹிஸ்டாரிக் மொமென்ட் நடந்திருக்கு. இதுல போய் கிரெடிட் கேக்கறீங்களே."

ஆறு மாதம் முடிந்தது. நாராயணசாமி தனக்குப் பதவி போதும், பட்டறையைப் பார்க்கப் போகிறேன் என்றார். சேஷகிரி புதுச் சட்டையே தைத்து வைத்திருந்தார். ஆனால் நாலா பக்கமும் ஆட்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். நீங்கள் போனால் நாங்கள் அநாதை என்றார் ஒருவர். ஒருவர் காலில் விழப் போனார். நாராயணசாமி நெடுநேரம் கூரையைப் பார்த்துவிட்டு, சரி, உங்களுக்காக என்று உட்கார்ந்தார். தேர்தலே நடக்கவில்லை. புதுச் சட்டையைக் கோமளம் மடித்து பீரோவில் வைத்தாள்.

இரண்டாவது ஆறு மாதத்தில் கோடை வந்தது. போர்வெல்லில் தண்ணீர் இறங்கியது. மோட்டார் முனக ஆரம்பித்தது. லாரித் தண்ணீருக்கு வரிசை நின்றது. அப்போதுதான் நாராயணசாமி, ஒரே ஆள் ரொம்ப நாள் நாற்காலியில் இருப்பது குடியாட்சிக்கு நல்லதல்ல என்ற முடிவுக்கு வந்தார். இந்தமுறை யாரும் எழுந்து நின்று தடுக்கவில்லை. எல்லாரும் அழ மட்டும் செய்தார்கள். அவருடைய விடைபெறும் உரை ஒரு மணி இருபது நிமிடம் நடந்தது. பிளாக் பிளாக்காகப் பிரிந்து நிற்காதீர்கள், பக்கத்து அபார்ட்மென்ட் சண்டையில் தலையிடாதீர்கள் என்று அறிவுரை சொன்னார். கடைசியாகச் சொன்னது இது:

"நான் ஒண்ணும் பெரிசா செஞ்சிடல. எதையும் அவசரப்பட்டு செஞ்சிடக் கூடாதுன்னு மட்டும் பாத்துக்கிட்டேன். அந்த வழக்கத்தை நீங்க காப்பாத்தணும்."

துணைத் தலைவர் போட்டியின்றித் தலைவரானார். வேறு யாரும் மனு கொடுக்கவில்லை. அந்த வாரம் மோட்டார் புகைவிட ஆரம்பித்திருந்தது. பீரோவிலிருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு சேஷகிரி மேடையேறியபோது கூட்டத்தில் பாதிப் பேர் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கணம் அவருக்கு நெஞ்சு நிறைந்தது. பிறகுதான் அவர்கள் பார்வை தன்மேல் இல்லை, முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆறடி மனிதர்மேல் இருக்கிறது என்று கவனித்தார். நாராயணசாமி பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி லேசாக இருந்தார். அந்த லேசைப் பார்த்தும் சேஷகிரிக்குப் பொறாமையாக இருந்தது.

மைக்கை எந்தக் கையில் பிடிப்பது என்று அவர் யோசிக்கவில்லை. உரையும் நிகழ்த்தவில்லை. மறுநாள் காலை மேசை இழுப்பறையைத் திறந்தார். லிப்ட் தாள் மேலேயே இருந்தது. கையெழுத்துப் போட்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. எட்டாம் நாள் மஞ்சுநாத் புது போர்டோடு வந்து மாட்டினான். லிப்ட் ஒரு நடுக்கம் நடுங்கிவிட்டு மேலே ஏறியது. கோமளம் அந்த வெள்ளிக்கிழமையே அல்சூர் போனாள். ஒரு வருடம் பார்க்காத தங்கையைப் பார்த்துவிட்டு, வீங்கிய கண்ணோடும் ஒரு முழம் மல்லிகையோடும் திரும்பி வந்தாள். கணவருக்குக் காப்பியை வெள்ளி டம்ளரில் கொடுத்தாள். அந்த ஒரு சாயங்காலம் சேஷகிரி யார்மேலும் பொறாமைப்படவில்லை.

அது நிலைக்கவில்லை. லிப்டுக்கு முறைப்படி திறப்பு விழா வேண்டும் என்றார்கள். நாடாவை வெட்டப் பொருத்தமானவர் முதல் தலைவர்தான் என்று முடிவாயிற்று. கத்தரிக்கோல் தட்டை ஏந்தி நின்றவர் சேஷகிரி. அதில் அவருக்கு முப்பத்து நான்கு வருட அனுபவம் இருந்தது. இந்த லிப்ட் நம் பொறுமைக்குக் கிடைத்த பரிசு என்று நாராயணசாமி பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

பிறகு சேஷகிரி மோட்டார் மாற்றினார். லாரித் தண்ணீரை பிளாக் வாரியாக நேரம் பிரித்துக் கொடுத்தார். போர்வெல்லைச் சுத்தம் செய்தார். சேஷகிரி வீட்டு மணி காலை ஆறுக்கு அடிக்க ஆரம்பித்தால் ராத்திரி பத்து வரை அடித்தது. வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே வெவ்வேறு விதமாகச் சொன்னார்கள்: தலைவர் இருந்தபோது இப்படி இல்லை. தலைவர் என்ற சொல் அவர் பதவி ஏற்ற அன்றே நாராயணசாமியோடு வீட்டுக்குப் போய்விட்டிருந்தது. சேஷகிரியை சேஷகிரி சார் என்றார்கள். திரும்பிப் போகும்போது மேதகு என்றார்கள்.

ஆறு மாதம் முடியும் நேரத்தில் அவருக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்டது. வேலை செய்தால் மரியாதை இல்லை. வேண்டாம் என்று சொன்னால்தான் மரியாதை. இவ்வளவு எளிய விஷயத்தைக் கண்டுபிடிக்க ஒன்றரை வருடம் ஆகிவிட்டதே என்று வருந்தினார். கண்ணாடி முன் நின்று நான்கு நாள் பயிற்சி எடுத்தார். நெடுநேரம் கூரையைப் பார்ப்பது, கைகூப்புவது, குரலைத் தாழ்த்துவது. கோமளம் எட்டிப் பார்த்து, கழுத்து சுளுக்கிண்டுதா என்று கேட்டாள்.

கூட்டத்தில் சேஷகிரி எழுந்தார். கீழ்த்தளம் நிரம்பியிருந்தது. தன்னால் இயன்றதைச் செய்தாயிற்று, வயதாகிவிட்டது, இந்த நாற்காலி மேல் தனக்கு ஆசை இல்லை, யாரும் தன்னை வற்புறுத்த வேண்டாம் என்றார். வற்புறுத்த வேண்டாம் என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னார். பிறகு கைகூப்பிக் கூரையைப் பார்த்தார். கூரையில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் காதுகள் மட்டும் கூட்டத்தின் பக்கம் இருந்தன.

"சரி சார், உங்க இஷ்டம்," என்றான் ஷ்ரேயாஸ். "நெக்ஸ்ட் ஐட்டம்."

யாரோ ஜூடித் பெயரைச் சொன்னார்கள். நாலு நிமிடத்தில் தேர்தல் முடிந்தது. அவள் மேடைக்குக்கூட வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே எழுந்து, அந்தக் குழாய் எத்தனை நாளாகச் சொட்டுகிறது என்று கேட்டாள். மூன்று பேர் ஒரே சமயத்தில் பதில் சொன்னார்கள். சேஷகிரி இன்னும் கைகூப்பியபடியே நின்றிருந்தார். எல்லம்மா நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்து, ஸ்வல்ப நகருங்க சார் என்றபோதுதான் கையை இறக்கினார்.

நாராயணசாமி அவருக்காக லிப்ட் அருகே காத்திருந்தார். ரொம்ப வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். இருவரும் உள்ளே போனார்கள். கதவு மூடியதும் அவர் மெதுவான குரலில் பேசினார்.

"இன்னா சார் இப்படிப் பண்ணிட்டீங்க. வேணாம்னு சொல்றதுக்கு முன்னாடி ஆளுங்ககிட்ட சொல்லி வெக்க வேணாமா? நான் அன்னைக்கு ஒம்போது பேர்கிட்ட சொல்லி வெச்சிருந்தேன். கால்ல விழ ஒருத்தர் தனி. கடைசியில நெஜமாவே போலாம்னு முடிவு பண்ணப்ப, எழுந்திருக்காதீங்க, அழுங்க போதும்னு அதுக்கும் சொல்லிட்டேன். நீங்க கவர்மென்ட்ல இருந்தவரு, உங்களுக்கு இதெல்லாம் தெரியும்னு இருந்தேன்."

லிப்ட் ஒரு மாடி, இரண்டு மாடி என்று ஏறிக்கொண்டிருந்தது. கோபம் வரும் என்று சேஷகிரியே எதிர்பார்த்தார். வரவில்லை. ஒன்பது பேர். காலில் விழ ஒருவர் தனி. நாற்காலி நாற்காலியாகச் சீட்டு ஒட்டி எத்தனை விழா நடத்தியிருக்கிறோம், இது தனக்கு ஒருநாளும் தோன்றவில்லையே என்று நினைத்தபோது, வயிற்றுக்குள் அந்தப் பழைய பொறாமை முன்னைவிட ஒரு பங்கு அதிகமாகவே எரிந்தது.